கடல் மீன் தொட்டிக்கு தண்ணி: கேன் வாங்கலாமா, வீட்டு ஆர்ஓ போதுமா?

கேள்விய நான் புரிஞ்சுக்கிட்டது இதுதான். 200 லிட்டர்ல மொதல் தடவையா கடல் தொட்டி போடப் போறீங்க, ரெண்டு க்ளவுன் மீன், ஒரு க்ளீனர் இறால், கொஞ்ச மாசம் கழிச்சு சாஃப்ட் கோரல் (மெதுவான பவள உயிரி). எல்லாரும் சுத்தமான தண்ணி வேணும்னு சொல்றாங்க, அத கேன்ல வாங்கலாமா, டிஸ்டில்டு வாட்டர் வாங்கணுமா, இல்ல சமையல்கட்டுல ஏற்கனவே மாட்டியிருக்கற ஆர்ஓ மெஷின்லேருந்தே பிடிச்சுக்கலாமா. எங்க வாங்கறதுன்னு கேட்டிருந்தாலும் உள்ள இருக்கற கேள்வி வேற மாதிரி தெரியுது, நாம குடிக்கற தண்ணி மீனுக்கு மட்டும் ஏன் ஆகாது, இதுக்கு இவ்ளோ மெனக்கெடணுமா அப்படிங்கறதுதான். மெனக்கெடணும், ஆனா நெறைய பேர் தப்பான இடத்துல மெனக்கெடறாங்க. உப்பு கரைக்கற தண்ணிக்கு பாத்து பாத்து வாங்கிட்டு, தினமும் ஆவியாப் போறதுக்கு ஈடா ஊத்தற தண்ணிய குழாய்லேருந்து ஊத்தறாங்க. நான் வேலை பாக்கறது தண்ணி சுத்திகரிப்புல, வீட்லயும் பல வருஷமா கடல் தொட்டி ஓடுது, அதனால ரெண்டு பக்கத்துலேருந்தும் சொல்றேன்.

மொதல்ல அந்த ஆவியாகற கணக்க பாத்துடலாம், அது புரிஞ்சா மிச்சமெல்லாம் சுலபம். தொட்டிலேருந்து ஆவியாப் போறது வெறும் தண்ணி, அதுல இருக்கற உப்பு உள்ளயே நின்னுடும். மூடி இல்லாத 200 லிட்டர் தொட்டில லைட், ஃபேன் எல்லாம் ஓடினா ஒரு நாளைக்கு 3 லிட்டர் கொறையறது சகஜம். வருஷத்துக்கு 1,095 லிட்டர், அதாவது தொட்டிய அஞ்சு தடவ நெரப்பற அளவுக்கு மேல புதுத் தண்ணி உள்ள போகுது. உங்க குழாய் தண்ணி டிடிஎஸ் (கரைஞ்சிருக்கற எல்லாத்தோட மொத்த அளவு) 400னு வெச்சுக்குங்க, லிட்டருக்கு 400 மில்லிகிராம், வருஷத்துக்கு 438 கிராம் ஏதேதோ உள்ள வந்து சேந்துக்கும். அதே தண்ணிய ஆர்ஓல விட்டு 10க்கு கொண்டு வந்தா 11 கிராம்தான். வாரம் வாரம் 10 சதவீதம் தண்ணி மாத்தறோமே, அதுல போயிடாதான்னு கேப்பீங்க. கொஞ்சம் போகும், ஒரு கட்டத்துல சேர்றதும் வெளிய போறதும் சமமாகி நிக்கும், ஆனா மாத்தற தண்ணி எவ்ளோ சுத்தமா இருந்தாலும் அந்த சமமாகற இடமே சுமார் 80 கிராம் பக்கத்துலதான் இருக்கும்.

சரி, 200 லிட்டர் கடல் தண்ணில ஏற்கனவே 7 கிலோ உப்பு இருக்கு, இதுல கூட 80 கிராமோ 400 கிராமோ சேந்தா என்ன ஆயிடும்? நியாயமான கேள்விதான். அந்த எடைல பெரும்பாலும் கால்சியம், மெக்னீசியம், சோடியம், பைகார்பனேட், அதெல்லாம் கடல்லயே இருக்கறதுதான், அதால மீன் சாகாது. வம்பு பண்றது அதுக்குள்ள சில்லறையா கலந்திருக்கற பாஸ்பேட், நைட்ரேட், சிலிக்கா, செம்பு இந்த நாலும். பாஸ்பேட்ட எடுத்துக்குங்க, குழாய் தண்ணில லிட்டருக்கு 0.2 மில்லிகிராம்தான் இருக்குன்னு வெச்சாலும் எதுவும் உறிஞ்சாம, தண்ணியும் மாத்தாம இருந்தா ஒரு வருஷத்துல தொட்டில 1 பிபிஎம் (லிட்டருக்கு 1 மில்லிகிராம்) தாண்டிடும், கோரல் வளக்கறவங்க பொதுவா 0.1க்கு கீழ வெக்கத்தான் பாக்கறாங்க. நடைமுறைல டெஸ்ட் கிட்ல 1ன்னு காட்டாது, ஏன்னா பாசியும் கல்லும் அத இழுத்துக்கும், கிட் நல்ல நம்பர் காட்டிக்கிட்டே இருக்கும், கண்ணாடியும் கல்லும் பச்சையாகிக்கிட்டே போகும். செம்பு இன்னும் மோசம். மீனுக்கு வெள்ளைப் புள்ளி நோய் வந்தா தனித் தொட்டில 0.15லிருந்து 0.2 பிபிஎம் செம்பு விட்டுத்தான் குணப்படுத்துவாங்க, அந்த அளவுல மீன் தாங்கும், இறால், நத்தை, கோரல் தாங்காது. ராத்திரி பூரா செம்புக் குழாய்ல நின்ன தண்ணி காலைல மொதல்ல வரும்போது அந்தப் பக்கம் போக வாய்ப்பு இருக்கு, நாம குடிச்சா நமக்கு ஒண்ணும் ஆகாது. நமக்கு வெச்ச அளவும் இறாலுக்கு வேண்டிய அளவும் வேற வேற, குடிக்க நல்ல தண்ணி தொட்டிக்கு ஆகாதுங்கறதுக்கு காரணம் இவ்ளோதான்.

அடுத்தது டிடிஎஸ் மீட்டர். எதையும் வாங்கறதுக்கு முன்னாடி இத வாங்குங்க, பேனா சைஸ்ல வரும், ஆனா அது என்ன அளக்குது என்ன அளக்காதுன்னு தெரிஞ்சுக்கிட்டு வாங்குங்க. அது தண்ணில எவ்ளோ மின்சாரம் கடத்துதுன்னு பாத்து அத ஒரு பிபிஎம் நம்பரா மாத்திக் காட்டுது, அவ்ளோதான். எது கரைஞ்சிருக்குன்னு அதுக்குத் தெரியாது. 0.1 பிபிஎம் செம்பு இருந்தா அது காட்டாது, அதோட சின்னப் படியே 1 பிபிஎம். சாதாரண பிஎச்ல சிலிக்கா பெருசா அயனா (மின்னேற்றம் உள்ள துகளா) பிரியறதில்ல, அதனால மின்சாரம் கடத்தாது, மீட்டர் கண்ணுக்கே படாது. அப்புறம் எதுக்கு எல்லாரும் ஜீரோ ஜீரோன்னு துடிக்கறாங்கன்னா, 50 டிடிஎஸ் இருக்கற தண்ணில அந்த 50க்குள்ள என்ன ஒளிஞ்சிருக்குன்னு நமக்குத் தெரியாது, வெறும் சோடியமா இருக்கலாம், நைட்ரேட்டா இருக்கலாம். மெம்பரேனும் (ஆர்ஓவோட வடிகட்டற சவ்வு) ரெசினும் (அயன்கள உறிஞ்சற மணிகள், பின்னாடி சொல்றேன்) சேந்து எல்லாத்தையும் எடுத்து 0 ஆக்கிடுச்சுன்னா செம்பும் கூடவே போயிருக்கும்னு நம்பலாம். மீட்டர்ல அளக்கும்போது இன்னொண்ணு, சுத்தமான தண்ணிய மொதல்ல அளங்க, குழாய் தண்ணிய கடைசியா. மாத்திப் பண்ணினா ஊசில ஒட்டியிருக்கற ஒரே ஒரு சொட்டு குழாய் தண்ணி சின்ன டம்ளர்ல இருக்கற ஆர்ஓ தண்ணிய 1, 2ன்னு கூட்டிக் காட்டிடும், ரெசின் போச்சுன்னு நெனச்சு நல்ல ரெசின தூக்கிப் போடறவங்க உண்டு. விரல் பட்டாலும் அதே கதை, வேர்வை பூரா உப்புதானே.

இப்ப எங்கேருந்து எடுக்கறதுங்கறது. கேன் தண்ணில சுத்திகரிச்சதுன்னு எழுதியிருந்தா கிருமி இல்லன்னு அர்த்தம், அயன் இல்லன்னு அர்த்தம் இல்ல. யூவி, ஓசோன் ரெண்டும் கிருமியக் கொல்லும், கரைஞ்ச உப்பத் தொடாது, அதுக்கு மேல ருசிக்காக மினரல் வேற சேக்கறாங்க. ஒரு கேன் 30 காட்டும், அடுத்த கேன் 90 காட்டும், அதனால இதுல நம்பி இறங்க முடியாது. டிஸ்டில்டு வாட்டர் தாராளமா ஆகும், 30 லிட்டர் நேனோ தொட்டின்னா மெஷினே வாங்காம இதுலயே ஓட்டிடலாம், ஆனா 200 லிட்டருக்கு வருஷத்துக்கு 2,000 லிட்டருக்கு மேல வேணும் (ஈடு ஊத்த 1,095, தண்ணி மாத்த ஆயிரம் சொச்சம்), கேன் தூக்கித் தூக்கியே வெறுத்துப் போய் குழாய்க்கு வந்துடுவீங்க. பேட்டரிக்கு ஊத்தற டிஎம் வாட்டர (தாது நீக்கின தண்ணி) அளந்து பாத்து 0, 1 காட்டினா அவசரத்துக்கு வெச்சுக்கலாம், கேன் உணவுத்தர பிளாஸ்டிக்கான்னு மட்டும் பாருங்க. அயர்ன் பாக்ஸுக்குன்னு விக்கறதுல வாசனை சேத்தது ஒண்ணு இருக்கு, அதத் தொடவே தொடாதீங்க. ஏசிலேருந்து சொட்டற தண்ணிய பிடிச்சு மீட்டர்ல வெச்சா அருமையா இருக்கும், 10, 15 தான் காட்டும், பாத்தா ஆசையாத்தான் இருக்கும், ஆனா அது வழிஞ்சு வர்றது செம்பு, அலுமினிய காயில் மேல, கூடவே தூசி, பூஞ்சை, வேண்டாம். மழைத் தண்ணி சுத்தமாப் பெய்யும், கூரை மேல விழுந்ததும் கதை மாறிடும். கொதிக்க வெச்சு ஆற வெச்சா கடினத்தன்மைல கொஞ்சம் படிவாப் போகும், மத்ததெல்லாம் தண்ணி சுண்டச் சுண்ட இன்னும் அடர்த்தியாத்தான் ஆகும். கடைல விக்கற குளோரின் நீக்கற சொட்டு மருந்து முக்கியமா குளோரினத்தான் எடுக்கும், பாஸ்பேட், நைட்ரேட், சிலிக்கா அப்படியே இருக்கும்.

உங்க வீட்டு ஆர்ஓ மெஷினுக்கு வருவோம், உண்மையச் சொன்னா உங்களுக்கு தோதான வழி இதுதான், ஆனா அதோட குடிக்கற குழாய்லேருந்து நேரா பிடிக்காதீங்க. குடிக்கறதுக்குன்னு செஞ்ச மெஷின்ல மெம்பரேன் தாண்டினதுக்கு அப்புறம் நெறைய வேலை நடக்குது. டிடிஎஸ் கன்ட்ரோலர்னு ஒரு சின்னத் திருகு இருக்கும், அது ருசிக்காக சுத்திகரிக்காத குழாய் தண்ணில ஒரு பங்க ஆர்ஓ தண்ணியோட கலந்து விடும். அப்புறம் மினரல் கார்ட்ரிட்ஜ், அல்கலைன் கார்ட்ரிட்ஜ், இப்பெல்லாம் செம்பு சேக்கற கார்ட்ரிட்ஜ் கூட ஒடம்புக்கு நல்லதுன்னு வெச்சு வருது. இறால் வளக்கறவங்களுக்கு அது விஷம்னே வெச்சுக்குங்க. அதனால மெஷின் மூடியக் கழட்டிப் பாருங்க, மெம்பரேன் இருக்கற நீளமான வெள்ளைக் குழாய்லேருந்து ரெண்டு டியூப் வெளிய வரும், ஒண்ணு கழிவு, அதுல ஃப்ளோ ரெஸ்ட்ரிக்டர் (ஓட்டத்த கட்டுப்படுத்தற சின்னத் துண்டு) மாட்டியிருக்கும், இன்னொண்ணுதான் சுத்தத் தண்ணி. அந்த சுத்தத் தண்ணி டியூப்ல, கன்ட்ரோலர், கார்பன், மினரல் எல்லாத்துக்கும் முன்னாடி ஒரு டி கனெக்டர் போட்டு சின்ன வால்வு வெச்சு தனி லைன் எடுத்துடுங்க. குடிக்கறதுக்கு பழைய வழி அப்படியே இருக்கும், தொட்டிக்கு இந்த லைன். வாரன்டில இருக்கற மெஷின்னா சர்வீஸ் ஆளக் கூப்பிட்டு போடச் சொல்லுங்க.

அந்த லைன்ல மீட்டர வெச்சு பாருங்க. மெம்பரேன் நல்லா இருந்தா உள்ள போறதுல 95லிருந்து 98 சதவீதத்த தடுக்கும், 500 உள்ள போனா 10லிருந்து 25க்குள்ள வரணும். 60, 70ன்னு வந்தா மெம்பரேன் வயசாயிடுச்சு, இல்ல அழுத்தம் பத்தல, பம்ப் இருக்கற மெஷின்ல அழுத்தப் பிரச்சனை பொதுவா வராது, பம்ப் இல்லாம நேரா குழாய்ல மாட்டறதுக்கு 50 பிஎஸ்ஐ பக்கம் வேணும். குளிர் காலத்துல தண்ணி கம்மியா வருதுன்னு பயப்படாதீங்க, 25 டிகிரிலேருந்து ஒவ்வொரு டிகிரி கொறைய கொறைய சுமார் 3 சதவீதம் உற்பத்தி கொறையும். இன்னொரு விஷயம், மெஷின் நின்னு கொஞ்ச நேரம் கழிச்சு திரும்ப ஓடும்போது மொத ரெண்டு மூணு நிமிஷம் வர்ற தண்ணில டிடிஎஸ் எகிறி இருக்கும், நின்ன நேரத்துல உப்பு மெம்பரேன் வழியா மெதுவா இந்தப் பக்கம் கசிஞ்சிருக்கும். அத வெளிய விட்டுடுங்க. இதனாலதான் மிதவை வால்வு போட்டு அரை லிட்டர் அரை லிட்டரா மெஷின் ஓடி ஓடி நிக்கற மாதிரி செட் பண்ணக் கூடாதுன்னு சொல்றது, வாரத்துக்கு ஒரு நாள் ஒரேயடியா ஓட்டி டிரம்ல பிடிச்சு வெச்சுக்குங்க.

ஆர்ஓ மட்டும் போதுமான்னா, மீன் மட்டும் வளக்கறவங்க பல பேர் 15, 20 டிடிஎஸ்ல சந்தோஷமா ஓட்டறாங்க, நான் தப்பு சொல்ல மாட்டேன். நீங்க இறாலும் கோரலும் சொல்றதால பின்னாடி ஒரு டிஐ (டீஅயனைசேஷன், அதாவது அயன் நீக்கற) கேனிஸ்டர் போடுங்க. உள்ள இருக்கறது மணி மணியா ரெண்டு வகை ரெசின் கலந்தது, ஒண்ணு பாசிட்டிவ் அயன்கள எடுத்துக்கிட்டு ஹைட்ரஜன விடும், இன்னொண்ணு நெகட்டிவ எடுத்துக்கிட்டு ஹைட்ராக்சைட விடும், ரெண்டும் சேந்தா தண்ணிதான். ஒரு லிட்டர் ரெசின் சுமார் 20 கிராம் உப்பு வரைக்கும் பிடிச்சு வெக்கும், அதனால 25 டிடிஎஸ் ஆர்ஓ தண்ணிய விட்டா 800 லிட்டர் வரும், 500 டிடிஎஸ் குழாய் தண்ணிய நேரா விட்டா 40 லிட்டர்லயே படுத்துடும். ஆர்ஓ இல்லாம வெறும் டிஐ வாங்கலாமான்னு கேக்கறவங்களுக்கு இந்த ஒரு வரி போதும்.

ரெசின் நிறம் மாறற வகைல வாங்குங்க, புதுசுல கருநீலமா இல்ல பச்சையா இருக்கும், தீரத் தீர தண்ணி நுழையற முனைலேருந்து பழுப்பு நிறம் ஏறிக்கிட்டே வரும், கோடு போட்ட மாதிரி தெரியும். நேரா, சமமா ஏறினா கேனிஸ்டர் நல்லா வேலை செய்யுது. ஒரு பக்கம் மட்டும் நாக்கு மாதிரி நீண்டு ஏறினா தண்ணி ரெசினுக்கு நடுவுல ஒரு சந்து கண்டுபிடிச்சு ஓடுதுன்னு அர்த்தம், மிச்ச ரெசின் வேலையே செய்யல. மெஷின் மேல படுக்க வெச்சு கிளிப்ல மாட்டற சின்ன டிஐ குழாய்கள்ல இது அடிக்கடி நடக்கும், அதனால செங்குத்தா நிக்கற கேனிஸ்டர் எடுத்து, கீழேருந்து மேல தண்ணி போற மாதிரி வெச்சு, ரெசின தட்டித் தட்டி இறுக்கமா அடைங்க. நிறத்த மட்டும் நம்பவும் வேண்டாம், ரெண்டு ரெசின்ல எந்த வகைக்கு சாயம் போட்டிருக்காங்களோ அது தீர்றதத்தான் அது காட்டும். வெளிய வர்ற டிடிஎஸ் 0லிருந்து 1, 2க்கு நகர்ந்ததும் மாத்திடுங்க, இன்னும் கொஞ்சம் ஓடட்டும்னு விட்டா ஏற்கனவே லேசா பிடிச்சு வெச்ச சிலிக்காவ ரெசின் திரும்ப தண்ணில தள்ளி விடும், உள்ள வந்தத விட அதிகமாவே வெளிய வரும்.

சில வீடுகள்ல ரெசின் கணக்குக்கு வராம சீக்கிரம் தீந்து போகும். போர் தண்ணில கரைஞ்ச கார்பன் டை ஆக்சைடு நெறைய இருந்தா இப்படி ஆகும், அது வாயுங்கறதால மெம்பரேன் வழியா சுலபமா தாண்டி வந்து ரெண்டு வகைல நெகட்டிவ எடுக்கற ரெசின தின்னுடும், டிடிஎஸ் மீட்டர்ல அது பெருசா தெரியவும் தெரியாது. ஆர்ஓ தண்ணிய ஒரு டிரம்ல பிடிச்சு ஏர் ஸ்டோன் போட்டு ஒரு நாள் குமிழ் விட்டுட்டு அப்புறம் சின்ன பம்ப் வெச்சு டிஐல விட்டா பெரிய வித்தியாசம் தெரியும். முனிசிபல் தண்ணின்னா பிரச்சனை வேற, குளோரின். நம்ம மெம்பரேன் பாலிஅமைடுங்கற ஒரு வகை பிளாஸ்டிக், குளோரின் பட்டா அரிச்சுப் போகும், அதுக்காகத்தான் முன்னாடி கார்பன் ஃபில்டர். கார்பன் வேலை செய்யுதான்னு பாக்க கழிவுத் தண்ணியப் பிடிச்சு மொத்த குளோரின் காட்டற டெஸ்ட் கிட்ல சோதிங்க, ஜீரோ இருக்கணும். ஃப்ரீ குளோரின் மட்டும் காட்டற கிட் பத்தாது, ஏன்னா சில ஊர்ல குளோரினுக்கு பதிலா குளோரமின் (குளோரினும் அம்மோனியாவும் சேந்தது) போடறாங்க, அது அதுல தெரியாது. குளோரமின கார்பன் உடைச்சா அம்மோனியா வெளிய வரும், அதப் பிடிக்கறதும் பின்னாடி இருக்கற டிஐதான்.

இது வரைக்கும் சொன்னதுல ஈடு ஊத்தற கணக்கு, செம்பு, மினரல் கார்ட்ரிட்ஜ், ரெசின் இதுலெல்லாம் சந்தேகமே இல்ல. ஆனா சிலது ஆளாளுக்கு அடிச்சுச் சொல்வாங்க, அவ்ளோ உறுதி இல்ல. புதுத் தொட்டில மணல் மேல பழுப்பா படியற டயட்டம் பாசி வந்தா உடனே தண்ணில சிலிக்கான்னு ரெசின மாத்தச் சொல்வாங்க, ஜீரோ டிடிஎஸ் தண்ணில ஆரம்பிச்ச தொட்டிலயும் அது வருது, மணல்லயும் கல்லுலயும் இருந்தே சிலிக்கா கரையும், சில வாரத்துல பெரும்பாலும் தானாப் போயிடும். பாஸ்பேட் எவ்ளோ வரைக்கும் பரவாயில்லங்கறதுலயும் ஒருமித்த கருத்து கிடையாது, 0.1க்கு மேல வெச்சு அருமையா கோரல் வளக்கறவங்க இருக்காங்க. உங்க குழாய்ல செம்பும் நைட்ரேட்டும் எவ்ளோன்னு இங்கேருந்து யாரும் சொல்ல முடியாது, அதுக்கு ஒரு தடவ லேப்ல குடுத்துப் பாக்கறதுதான் வழி.

பிடிச்ச தண்ணிய உணவுத்தர பிளாஸ்டிக் டிரம்ல மூடி வெச்சுக்குங்க, பித்தளை வால்வு, செம்பு டியூப், துருப்பிடிக்கற கிளிப் எதுவும் அந்தத் தண்ணில படக் கூடாது. பிஎச் டெஸ்ட் போட்டுட்டு 5.5, 6ன்னு காட்டுதேன்னு பதறி ஏதாவது பவுடர் கலக்காதீங்க, காத்துல இருக்கற கார்பன் டை ஆக்சைடு கரைஞ்சதால வர்றது அது, தாங்கிப் பிடிக்க உள்ள எதுவுமே இல்லாததால அவ்ளோ கீழ காட்டுது, உப்பு கரைச்சு காத்து விட்டதும் 8 பக்கத்துல வந்து நிக்கும். உப்பு கரைக்கும்போது தண்ணிய மொதல்ல ஊத்தி, பம்ப் ஓட விட்டு, லிட்டருக்கு 35, 36 கிராம் கணக்குல கொஞ்சம் கொஞ்சமா போடுங்க. உப்ப மொதல்ல கொட்டி மேல தண்ணி ஊத்தினா அந்த அடர்த்தில கால்சியம் வெள்ளையாப் படிஞ்சுடும், திரும்பக் கரையாது. ஒப்படர்த்தி 25 டிகிரில 1.026 வந்தா சரி. ஈடு ஊத்தற டிரம்லயும் உப்புத் தண்ணி டிரம்லயும் பெருசா எழுதி ஒட்டிடுங்க, ரெண்டும் பாக்க ஒரே மாதிரிதான் இருக்கும்.

மொதல் வேலையா மீட்டர் வாங்கி மூணு இடத்துல அளந்து பாருங்க, மெம்பரேன்லேருந்து நேரா வர்றது, குடிக்கற குழாய்ல வர்றது, கடைசியா சுத்திகரிக்காத குழாய் தண்ணி. மூணு நம்பரையும், போர் தண்ணியா முனிசிபலாங்கறதையும் இங்க போட்டீங்கன்னா மெம்பரேன் மாத்தணுமா, எவ்ளோ பெரிய டிஐ வேணும்னு கணக்குப் போட்டு சொல்றேன்.